பதினெட்டாவது ஓட்டை

பக்கத்து சீட்டு சூடாக இருந்தது.

வெயிலில் நின்ற கார் என்றால் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. இது மூன்று நாளாகக் கிளப்பாமல், ஷெட்டின் நிழலுக்குள் போர்வை போர்த்தி நின்ற கார். பானட்டில் கை வைத்துப் பார்த்தாள்; குளிர்ந்து கிடந்தது. ஸ்டியரிங் பக்கத்துச் சீட்டும் குளிர்ச்சிதான். அவள் வழக்கமாக உட்காரும் சீட்டில் மட்டும், தொடை படும் இடத்தில் இரண்டு பட்டை, முதுகு படும் இடத்தில் ஒரு பட்டை, பஸ்ஸில் ஒருவர் இறங்கிப் போனதும் அவசரமாக இடம் பிடித்து உட்காரும்போது தெரியுமே, அந்தச் சூடு. சீட்டின் ஓரங்களில் அது இல்லை.

“என்னங்க, இந்த சீட்டு சுடுது,” என்றாள்.

டேஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொடுத்துப் படுத்திருந்த கணவர் வெளியே வரவில்லை. கையை மட்டும் நீட்டித் தெர்மாமீட்டரைக் கொடுத்தார். “எவ்வளவுன்னு சொல்லு. சுடுது, கடிக்குதுன்னு சொன்னா நான் என்னத்தை எழுதறது?”

கம்பியைச் சீட்டில் வைத்து, எண் அசையாமல் நின்றதும் வாசித்தாள். “முப்பத்தாறரை.”

“அது உன் உடம்புச் சூடு. எந்திரிச்சு, ஆறவிட்டுப் பாரு.”

அவள் இன்னும் உட்காரவே இல்லை. கதவோரம் குனிந்து நின்று கையை மட்டும்தான் வைத்திருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தவள் விட்டுவிட்டாள். அந்த வீட்டில் ஒன்றைச் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் ஒன்றுதான் என்று ஒன்றரை வருடத்தில் அவளுக்குப் புரிந்திருந்தது.

அவர் இருபத்தாறு வருடம் கப்பல்களின் இஞ்சின் அறையில் வெந்தவர். சம்பாத்தியத்தோடு இரண்டு வியாதிகளையும் கொண்டுவந்திருந்தார். ஒன்று, வெக்கை என்றால் ஆகாது; முகத்தில் காற்று படாவிட்டால் மனுஷன் மனுஷனாக இருக்கமாட்டார். இன்னொன்று, எப்போதோ வந்த ஒரு காய்ச்சலில் மூக்கு செத்துப்போயிருந்தது. மல்லிகையும் சாக்கடையும் அவருக்கு ஒன்றுதான். ஓய்வு பெற்ற கையோடு, நீண்ட மூக்கும் தரையோடு தரையாகப் படுத்த உடம்பும் கொண்ட அறுபது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். இரண்டு பேருக்கு மேல் இடமில்லாத வண்டி. ஓட ஆரம்பித்தால் உள்ளே அடுப்படி தோற்கும். அதோடு சைலன்சர் புகையும் வரும். வெக்கையை அவரே கண்டுபிடித்துவிடுவார். புகையைக் கண்டுபிடிக்க ஒரு மூக்கு வேண்டும்.

அவள் பதினாலு வருடம் சோப்புக் கம்பெனியில் வாசனை பார்த்தவள். ஒவ்வொரு கொப்பரையிலிருந்தும் துண்டு வெட்டி வருவார்கள். மோந்து பார்த்து, “எலுமிச்சை கம்மி”, “எண்ணெய் சிக்கு நாறுது, திருப்பி அனுப்பு” என்பாள். அவள் சொன்னால் அங்கே அப்பீல் கிடையாது. நாற்பதை நெருங்கும்போது வந்த வரன் இவர், மனைவியை இழந்தவர். பெண் பார்க்க வந்த இடத்தில் அவர் கேட்ட ஒரே கேள்வி, “மூக்கு இப்பவும் நல்லா வேலை செய்யுதா?” என்பதுதான். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். “பொண்ணு மூக்கும் முழியுமா இருக்கான்னு கேக்கறார்,” என்று அண்ணி சமாளித்தாள். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொன்னார். மூக்கு இனி ஒரு வண்டிக்கு மட்டும் என்று ஆயிற்று.

வேலை இப்படி நடக்கும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் சுற்றுச்சாலையில் நாற்பது நிமிடம் ஓட்டுவார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல், “வாசனை?” என்பார். கியர் ராடு பக்கமா, பெடலுக்குப் பின்னாலா, டேஷ்போர்டுக்குக் கீழா என்று அவள் சொல்ல வேண்டும். ஷெட்டுக்குத் திரும்பியதும் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு தட்டினால் ஓட்டை. ரப்பரோ வெள்ளித்தாள் ஒட்டிய பட்டையோ வைத்து அடைத்து, மேலே மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டுவார். இப்படிப் பதினேழு ஓட்டைகள் அடைபட்டன. நாற்பத்தெட்டு டிகிரி முப்பத்துநாலுக்கு இறங்கியது. கியர் பக்கத் தகரம் சுட்டு அவள் கணுக்காலில் விழுந்த தழும்பு மட்டும் இறங்கவில்லை.

பதினேழும் அடைபட்ட பிறகும் ஒரு வாசனை மிச்சமிருந்தது. அது முன்னாலிருந்து வரவில்லை. அவள் சீட்டுக்குப் பின்னால், டிக்கிப் பக்கத்திலிருந்து, தாழ்வாக, பூனை வருகிற மாதிரி வந்து கழுத்துக்குப் பின்னால் உட்காரும். அவர் தன் பக்கத்து முக்கோணக் கண்ணாடியைத் திறந்து முகத்தில் காற்று வாங்கும்போதெல்லாம் அது கூடும். முன்பக்கம் இறுக அடைபட்ட வண்டி, அந்த முக்கோணக் கண்ணாடி வழியே காற்று வெளியேற வெளியேற, மூச்சைப் பின்பக்கமிருந்து இழுக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னாள்.

“கண்ணாடியைத் திறந்தா புகை வெளிய போகும். உள்ள எப்படி வரும்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.” சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினார். “ஜில்லுனு இருக்கு. சூடே இல்லாத எடத்துல புகையா? நெருப்பில்லாம புகையாதுன்னு சும்மாவா சொன்னாங்க?”

“தலை வலிக்குதுங்க. வீட்டுக்கு வந்ததும் வாந்தி வருது.”

அவர் நோட்டை எடுத்து, தேதி போட்டு, “தலைவலி. பெண்களுக்கு சகஜம்” என்று எழுதினார். அவள் பார்க்கும்படியே எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய கார்க்காரர்களின் ஊர்வலம். மலைமேல் வரை ஐந்து மணி நேரம். நாற்பது நிமிடத்துக்கே படுக்கையில் விழுகிறவள் ஐந்து மணி நேரத்தில் என்ன ஆவாள்? செத்துப்போவாள். கணக்கு அவ்வளவு சுலபம். அண்ணிக்குப் போன் செய்தாள்.

“கார்ல மலைக்குக் கூட்டிட்டுப் போறார், அதுக்கும் ஒரு குறையா?” என்றாள் அண்ணி. “இங்க வந்து இருக்கேன்னு மட்டும் சொல்லிடாதேம்மா. உன் ரூமைப் பையனுக்கு டியூஷன் ரூமா மாத்தியாச்சு.”

வியாழக்கிழமை ரப்பர் பட்டைகளோடு டிங்கர் வந்தார். தகரவேலை பார்க்கிறவர், பக்கத்துத் தெரு. அவள் உள்ளே போய்ப் பார்த்துக் கணவர் குளிக்கிறார் என்றதும், போகாமல் நின்றார்.

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. ஞாயித்துக்கெழமை நீங்களும் போறீங்களா?”

“ஆமா.”

“அந்த அக்காவும் அப்படித்தான் போனாங்க.” குரலைத் தாழ்த்தினார். “திரும்பி வந்தப்ப நான்தான் கேட்டைத் தொறந்தேன். சீட்ல சாஞ்சு தூங்கற மாதிரி இருந்தாங்க. கன்னம் ரெண்டும் நல்லா செவந்து, கல்யாணப் பொண்ணு மாதிரி. சார் ரெண்டு மணி நேரமா பேசிட்டே ஓட்டிட்டு வந்திருக்கார். பதிலே இல்ல, கோவமா இருக்கான்னு நெனச்சேன்னு சொன்னார். ஹார்ட் அட்டாக்னு எழுதிட்டாங்க.”

மூத்தாள் மாரடைப்பில் போனாள் என்று அவளுக்குத் தெரியும். எந்தச் சீட்டில் போனாள் என்பதை யாரும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை பகல், வெளிச்சம் வைத்துக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார் கணவர். இது அவர் கப்பலில் கற்ற வித்தை. ஷட்டரை இறக்கி ஷெட்டை இருட்டாக்கி, காருக்கு மேல் கறுப்புப் போர்வையைத் தரைவரை போர்த்தி, அவளை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். பெரிய விளக்கோடு அவர் காருக்கு அடியில் ஊர்ந்துவருவார். உள்ளே எங்கே வெளிச்சப் பொட்டு தெரிகிறதோ அங்கே ஓட்டை.

இருட்டு. பழந்தோலும் ரப்பரும் கலந்த வாசனை. அடியில் அவருடைய முதுகு சிமெண்டில் சரசரவென்று நகர்கிற சத்தம், விளக்கு தகரத்தில் இடிக்கிற சத்தம், அதற்கு மேலே தன் மூச்சின் சத்தம். சீட்டு இன்றைக்கும் சூடாக இருந்தது. உட்கார மனம் வராமல் காலடியில் குந்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்பக்கம் முழுவதையும் பார்த்தாள். பதினேழு இடத்திலும் ஒரு பொட்டு வெளிச்சமில்லை. வேலையில் மனுஷன் கெட்டிக்காரர்தான்.

“தெரியுதா?” தரைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி அவர் குரல்.

“இல்ல.”

விளக்கு பின்பக்கம் போயிற்று. அவள் திரும்பினாள். சீட்டுக்கும் பின்தடுப்புக்கும் நடுவிலிருந்த சந்தில் அரிசியளவு ஒரு வெளிச்சம் இருந்தது.

“இங்க ஒண்ணு இருக்கு. என் சீட்டுக்குப் பின்னாடி.”

சொல்லி வாய் மூடுவதற்குள் அது அணைந்தது. பிறகு தெரிந்தது. மறுபடி அணைந்தது. அடியில் விளக்கு அசையவில்லை. தகரத்தில் இடிக்கிற சத்தம் நின்றிருந்தது. ஓட்டைக்கு இந்தப் பக்கம், காருக்குள், ஏதோ ஒன்று அதை மறைத்து மறைத்து விலகியது. மூச்சு வாங்குகிறவரின் முதுகு ஏறி இறங்குகிற கணக்கில்.

“சூடு இருக்கா?” என்று கத்தினார் அவர்.

கை தானாக நீண்டது. இருட்டுக்குள் விரல் போயிற்று. தகரத்தில் சூடு இல்லை. தகரத்துக்கு முன்னால், காற்றில் இருந்தது. முப்பத்தாறரை டிகிரி, தெர்மாமீட்டர் வேண்டாம். விரல் அதைத் தாண்டிப்போய், ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு டேப்பில் முட்டியது.

“சூடு இருக்கான்னு கேட்டேன்.”

“இல்ல.”

“அப்ப அது ஓட்டை இல்ல. வேற எங்கயாவது பாரு.”

டேப்பைப் பிய்த்து உள்ளங்கையில் மடித்துக்கொண்டாள். குளியலறைக் கதவைத் தாழிட்ட பிறகுதான் பிரித்தாள். பென்சில் எழுத்து, பொடி எழுத்து, கணவருடையது இல்லை. “18. இங்கே சூடு இல்லை. வாசனை இருக்கு. சொன்னேன்.” அதற்குக் கீழே தேதி, ஒரு “சொன்னேன்.” தேதி, “சொன்னேன்.” பதினோரு தடவை. கடைசி “சொன்னேன்” கோணிக்கொண்டு டேப்பின் விளிம்புக்கு வெளியே சரிந்திருந்தது, தேதி இல்லை.

அன்று மாலை அந்த டேப்பை அவர் முன்னால் வைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“அவளுக்கும் இதே பிடிவாதம்தான்,” என்றார். “அவ காலத்துலயும் இதே பதினேழை அடைச்சேன், அப்புறம் வண்டியைப் பிரிச்சதுல எல்லாம் போச்சு.” “சொன்னதையே சொல்லிட்டிருப்பா. வாயும் ஓயாது, தலைவலியும் ஓயாது.” டேப்பை உருட்டிக் குப்பையில் போட்டார். “சரி. நாளைக்கு ஒரு பரீட்சை வெச்சுடுவோம். உன் சீட்ல நானே உக்காந்து காட்டறேன். அதுக்கப்புறமாவது வாயை மூடிட்டு வருவியா?”

“வரேன்,” என்றாள். தன் குரல் அவ்வளவு சாதுவாக வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

சனிக்கிழமை முற்பகல். காரின் வால் சுவரைப் பார்க்க, மூக்கு ஷட்டரைப் பார்க்க நிறுத்தியிருந்தார். ஷட்டர் திறந்திருந்தது. சாலையில் ஓடும்போது அடிக்கிற காற்றுக்குப் பதிலாக மூக்குக்கு முன்னால் ஆளுயர மின்விசிறி. அவளை ஸ்டியரிங் பக்கம் உட்காரவைத்து, மீட்டரில் முள் நிற்கவேண்டிய இடத்தைக் காட்டினார். “இதுலயே பிடிச்சுக்க. நாப்பது நிமிஷம். என் பக்கத்துக் கண்ணாடி எப்படித் தொறந்திருக்குமோ அப்படியே இருக்கட்டும். எல்லாம் நிஜம் மாதிரியே இருக்கணும்.” தெர்மாமீட்டரோடும் நோட்டோடும் பக்கத்து சீட்டில் சாய்ந்தார். உட்கார்ந்ததும் ஒருகணம் புருவம் சுருங்கியது. சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தார்.

இஞ்சின் உறுமியது. மின்விசிறிக் காற்று அவள் முகத்தில் சுத்தமாக, வெளிவாசல் புழுதி வாசனையோடு அடித்தது. எவ்வளவு சுகம். ஒன்றரை வருடமாக இந்தச் சுகத்தை இவர் ஒருவரே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“வாசனை?”

“இல்ல.”

அப்போது நிஜமாகவே இல்லை. ஒன்பதாவது நிமிடம் வந்தது. வழக்கமான இடத்திலிருந்து, வழக்கம்போலத் தாழ்வாக வந்து, அவர் கழுத்துக்குப் பின்னால் உட்கார்ந்தது. பதினாலு வருடம் சோப்பு மோந்த மூக்குக்கு அது வந்த தடமே கண்ணால் பார்க்கிற மாதிரி தெரிந்தது.

“வாசனை?”

சொல்லலாம். ஒரு சொல். அவர் கையை வைத்துப் பார்ப்பார். சூடு இல்லை என்பார். நாளைக்கு அவள் இந்தச் சீட்டில் இருப்பாள், கன்னம் சிவந்து.

கியர் குமிழின் மேலிருந்த அவள் கையின் மீது ஒரு சூடு வந்து படிந்தது. ஐந்து விரல். அளவான சூடு. கணவரின் இரண்டு கையும் நோட்டின்மேல் இருந்தன. அந்த விரல்கள் அவள் கையை இரண்டு தடவை அழுத்தின, அவசரமாக. அவள் பயப்படவில்லை, ஒன்றரை வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அப்படிக் கையைப் பிடித்ததில்லை. சொல்லாதே என்கிறாள் மூத்தாள், என்று எடுத்துக்கொண்டாள்.

“இல்ல,” என்றாள்.

“பாத்தியா?” சந்தோஷமாக எழுதினார். “முப்பத்தொண்ணு டிகிரி. நான் சொன்னேன்ல?”

விரல்கள் மறுபடி அழுத்தின. இந்தத் தடவை நகம் பட்டது.

பதினைந்தாவது நிமிடம். “வாசனை?” “இல்ல.” அவர் எழுத்து பெரிதாகிக் கோடு தாண்டியது. இருபது. “வாசனை?” “இல்ல.” கொட்டாவி விட்டார். நெற்றியைத் தடவினார். பேனா நழுவி மடியில் விழுந்தது, எடுக்கவில்லை.

இருபத்தைந்து.

அவர் கேட்கவில்லை.

அவள் முள்ளை அதே இடத்தில் பிடித்திருந்தாள். நாற்பது நிமிடம் என்று சொல்லியிருந்தார். கையின் மேலிருந்த பிடி இறுகி இறுகி எலும்பு நோகுமளவுக்கு வந்து, முப்பதாவது நிமிடம் சட்டென்று விட்டது. பின்னால் ஏதோ கிழிபடுகிற சத்தம் கேட்டது. நீளமாக. சுருளிலிருந்து டேப் இழுக்கிற சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பது.

சாவியைத் திருப்பி உருவினாள். அமைதி. அவருடைய கன்னங்கள் இரண்டும் நல்ல சிவப்பு. மாப்பிள்ளைக் களை என்று அண்ணி சொல்வாளே, அது. மார்பைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அசையவில்லை.

இனி டிங்கரைக் கூப்பிட வேண்டும். சமையல்கட்டில் இருந்தேன், அவர்தான் தனியாக உட்கார்ந்து ஏதோ பரீட்சை பண்ணிக்கொண்டிருந்தார் என்று சொல்ல வேண்டும். அழ வேண்டும். அதற்கு முன்னால் புடவையை மாற்ற வேண்டும். புகை வாசனை ஏறியிருக்கும். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிலில் உட்கார்ந்து முந்தானையை மூக்கில் வைத்து இழுத்தாள்.

வாசனை இல்லை.

இன்னும் ஆழமாக இழுத்தாள். புகை இல்லை. சோப்பு இல்லை. வேர்வை இல்லை. மேஜையிலிருந்த தலைவலித் தைலத்தைத் திறந்து மூக்கோடு ஒட்டிவைத்தாள். கண் எரிந்தது. வாசனை இல்லை.

கட்டில் சூடாக இருந்தது. அவள் உட்கார்ந்த இடம் இல்லை. பக்கத்து இடம். தொடையளவுக்கு இரண்டு பட்டை. அதற்கு அந்தப் பக்கம், கொஞ்சம் அகலமாக, இன்னும் இரண்டு.

எழுந்து ஓடிக் கதவை இழுத்தாள். வரவில்லை. அவள் தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. மறுபடி இழுத்தாள்.

கதவின் விளிம்பைச் சுற்றி டேப். மேலே, கீழே, பக்கவாட்டில். சுருக்கமில்லாமல், கெட்டிக்காரத்தனமாக ஒட்டிய டேப். ஜன்னல் சந்துகளிலும். சாவித் துவாரத்திலும். பிய்க்கப் போன நகம் வழுக்கியது.

அறைக்கு வெளியே, தூரத்தில், ஷெட்டில், இஞ்சின் உறுமியது. சாவி அவள் கையில் இருந்தது.

தலை வலித்தது. கண்ணாடியில் முகம் தெரிந்தது. கன்னம் நன்றாக இருந்தது. நன்றாகச் சிவந்து.

சாவித் துவாரத்து டேப்பில் ஏதோ எழுதியிருந்தது. குனிந்தாள். பென்சில் எழுத்து, பொடி எழுத்து, அப்போதுதான் எழுதின மாதிரி பளபளத்தது.

“19. வாசனை இருந்தது. சொல்லவில்லை.”

அவளுக்குப் பின்னால் கட்டில் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. முதலில் ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை, கனமாக. காதுக்கு வெகு பக்கத்தில், பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காத அந்தக் குரல் கேட்டது.

“வாசனை?”